அந்த ரெண்டாவது டேக்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் எழுதியது என்றால் தமிழ்ப் பேப்பரில் எழுதிய பொதுக்கட்டுரைகள் மட்டும்தான். அதனால் எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் மன்னித்துவிட்டு மேலே போங்க. இதை இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். ஆனால் இதில் வருகிற பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

போன வருஷம் கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு ஆடிட்டோரியத்தில் ஒரு டாக்குமெண்டரி போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஏழு நிமிஷம். இலங்கைத் தமிழர் முகாமில் எடுத்தது. கடைசியில் ஒரு பாட்டி பேசிக்கொண்டே இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பொண்ணின் வாயைச் சட்டென்று கையால் பொத்துவார். அந்தப் பொண்ணு திமிறும். ஸ்கிரீன் கறுப்பாகும். ஹால் முழுக்க சத்தமே இல்லை. என் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

அந்தப் படத்தின் கேமரா என் கையில்தான் இருந்தது. இப்போது யூடியூபில் தேடினால் அது கிடைக்காது. ஏன் எடுத்துட்டீங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. பின்னணி இசையில் காப்பிரைட் பிரச்சினை என்று சொன்னேன். அது பொய். உண்மைக் காரணத்தை இப்போது சொல்கிறேன்.

அந்த முகாமில் இருப்பது என் கிளாஸ்மேட்டின் வீடு. அவன் பெயர் இதில் வராது. எந்த ஊர், எந்த டிபார்ட்மெண்ட் என்பதும் வராது. இதை அனுப்புவதற்கு முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். ரெண்டு பத்தியை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன். மீதி இருப்பது அவன் சரி என்று சொன்னது.

முதல் ரெண்டு வருஷம் அவன் ஊரைக் கேட்டால் "ராமநாதபுரம் சைடு" என்பான். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. மூன்றாம் வருஷம் ஒரு ராத்திரி ஹாஸ்டல் மாடியில் என்னிடம் சொன்னான், தான் முகாமில் பிறந்து வளர்ந்தவன் என்று. எங்களோடு பேசும்போது நம்ம ஊர்த் தமிழ், அம்மாவுக்கு ஃபோன் போட்டால் வேற தமிழ். அதுவரை அதை நான் கவனிச்சதே இல்லை. தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் அரசு அதற்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. இதெல்லாம் நான் கூகுள் பண்ணித் தெரிந்துகொண்டது. நமக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பற்றி கூகுள் பண்ண வேண்டியிருந்தது.

அந்த மாடியில் அவன் முக்கியமாகச் சொன்னது வேறு. பிளேஸ்மெண்ட் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் "நேஷனாலிட்டி" என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அதில் நாம எல்லாம் யோசிக்காமல் "இந்தியன்" என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். அவன் அங்கே நின்றுவிட்டான். இந்த மண்ணில் பிறந்தவன். ஆனால் அப்பா அம்மா ரெண்டு பேருமே அகதிகளாக வந்தவர்கள் என்பதால் இந்தியக் குடியுரிமை இல்லை, இந்திய பாஸ்போர்ட்டும் எடுக்க முடியாது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. "எட்டு புள்ளி ஏழு சி.ஜி.பி.ஏ. வச்சிருக்கேன்டா. இந்த ஒரு கட்டத்துல என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல" என்றான்.

நான் உடனே, "மச்சி, இதை டாக்குமெண்டரியா எடுக்கலாம்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரிடா" என்றான். அந்த "சரிடா"வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நண்பன் ஆசையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர் போனோம். ஒரு டி.எஸ்.எல்.ஆர்., ஒரு டிரைபாட், ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிய காலர் மைக். முகாமில் வெளியாள் போய்ப் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. "ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லிக்கலாம்" என்று முடிவு பண்ணினோம். மாட்டினால் யார் மாட்டுவார்கள் என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அவன் வீடு பத்துக்குப் பத்து அறை. மேலே தார் ஷீட். நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி ரெண்டாகப் பிரித்திருந்தார்கள். அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவன் "அம்மம்மா" என்று கூப்பிடும் பாட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளி வரிசையாகப் புதுக் கான்கிரீட் வீடுகள். முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அரசு 2021-இல் அறிவித்ததில் இங்கேயும் கொஞ்சம் வந்திருந்தது. அடுத்த மாதம் இவர்களுக்கும் சாவி கிடைக்கும் என்று பாட்டி ரெண்டு மூன்று தடவை சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு, அந்தப் புது வீடுகள் ஃப்ரேமில் வராத மாதிரி டிரைபாடைத் திருப்பி வைத்தோம்.

பாட்டி சொன்ன கதை இது. 1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியது. மன்னார் பக்கத்திலிருந்து ராத்திரி ஒரு படகில் ஏறினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். மகளுக்கு, அதாவது என் நண்பனின் அம்மாவுக்கு, அப்போது ஏழு வயது. விடாத இருமல்.

"நேவிக்காரன்ர லைட்டு வந்து வந்து போகுது. பிள்ளை இருமினா எல்லாருக்கும் முடிஞ்சுது. நான் அவளின்ர வாயைப் பொத்திப் பிடிச்சன் தம்பி. எவ்வளவு நேரமெண்டு தெரியேல்ல. கையை எடுக்கேக்க பிள்ளை அசையேல்ல. நானே கொண்டுபோட்டன் எண்டுதான் நினைச்சன்."

கடல் தண்ணியை முகத்தில் அடித்ததும் பிள்ளை கண் முழித்திருக்கிறது. விடிவதற்கு முன் படகுக்காரர் எல்லாரையும் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குடிக்கத் தண்ணி இல்லை. மத்தியானம் இந்தப் பக்கத்து மீனவர்கள் பார்த்துக் கரை சேர்த்தார்கள். அப்புறம் மண்டபம் முகாம். சொல்லி முடிக்கும்போது பாட்டி அழுதார். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அப்போதுதான் பார்த்தோம். ரெக்கார்டரில் லெவல் பார் அசையவே இல்லை. மைக்கின் பேட்டரி போயிருந்தது. இருபது நிமிஷம் சத்தமே பதிவாகவில்லை.

நான்தான் கேட்டேன். "பாட்டி, ஸாரி பாட்டி, இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

"ஒருக்கா சொல்லிப்போட்டன்தானே தம்பி" என்றார் பாட்டி.

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் எங்களைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். அப்புறம் குனிந்து, "அம்மம்மா, ஒருக்கா சொல்லுங்கோ, எனக்காக" என்றான்.

அந்த நேரம் பார்த்து அவன் தங்கச்சி டியூஷன் முடிந்து வந்தாள். மூன்றாம் வகுப்பு. எங்கள் டைரக்டர், "பாப்பா, நீ பாட்டி பக்கத்துல உக்காரும்மா, ஃப்ரேம் நல்லா இருக்கும்" என்றான். பாப்பா பையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். ஒன்றைக் கவனியுங்க. அவளுக்கு இந்தக் கதை தெரியாது. வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பாட்டி மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை அழவில்லை. குரல் எங்கேயோ போய்விட்டது. வாயைப் பொத்திய இடம் வந்ததும் அவர் கை தானாகப் பக்கத்தில் இருந்த வாயைப் பொத்தியது. பாப்பா பயந்து திமிறினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபோகஸ் ரிங்கைத் திருப்பினேன். பாப்பாவின் கண் ஷார்ப்பாக வரும்வரை திருப்பினேன். எனக்குள் ஒரு குரல், "செம ஷாட்டுடா" என்றது.

ஹாஸ்டலுக்கு வந்து எடிட் உட்கார்ந்தோம். கலரை வெளுக்க வைத்து எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கினோம். வயலின் போட்டோம். பாப்பாவின் கண்ணைத் தம்ப்நெயில் ஆக்கினோம். என் நண்பன் நேஷனாலிட்டி கட்டத்தைப் பற்றிப் பேசிய பதினோரு நிமிஷமும் எங்களிடம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது நியூஸ் மாதிரி இருக்குடா, ஃபீல் இல்ல" என்று மொத்தமாகத் தூக்கினோம். எதைச் சொல்வதற்காக அவன் எங்களைத் தன் வீட்டுக்குள் விட்டானோ, அது படத்தில் ஒரு ஃப்ரேம்கூட இல்லை.

ரெண்டாம் பரிசு வந்தது. மேடையில் இருந்து இறங்கியதும் ஆளாளுக்கு அவனிடம் போனார்கள். தோளில் தட்டினார்கள். ஒரு ஜூனியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ செமஸ்டர் ஃபீஸ் கட்டட்டுமா என்று கேட்டார்கள். எல்லாருமே நல்ல மனசில்தான் கேட்டார்கள். அன்னைக்கு ராத்திரி அவன் என்னிடம் சொன்னான்: "மூணு வருஷம் உங்க கூட கிரிக்கெட் விளையாடினேன், லேப்ல சண்டை போட்டேன், உனக்கு டி.எஸ்.பி. சொல்லிக்கொடுத்தேன். ஏழு நிமிஷத்துல பாவப்பட்டவன் ஆயிட்டேன்டா."

அடுத்த வாரம் ரெண்டு விஷயம் நடந்தது. வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி முகாமுக்கே போய்ச் சேர்ந்தது. யாரைக் கேட்டு உள்ளே விட்டீர்கள் என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனது, அது தவிர நாலு பேர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. ரெண்டாவது, அவன் அம்மா ஃபோனில் சொன்னது. ஷூட் நடந்த நாளிலிருந்து பாப்பா சரியாகத் தூங்குவதில்லை. ராத்திரி எழுந்து அம்மாவைத் தட்டி எழுப்பி, "உங்களுக்கு மூச்சு முட்டேல்லையாம்மா?" என்று கேட்கிறாள்.

அன்னைக்கே வீடியோவை எடுத்துவிட்டோம். ஆனால் எத்தனை ஃபோனில் அது இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம்தான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படம் எடுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியவை. குழந்தைகளைப் பற்றிச் செய்தி எடுப்பவர்களுக்கு யூனிசெஃப் சில விதிகள் வைத்திருக்கிறது. எந்தச் செய்தியை விடவும், எந்த நல்ல நோக்கத்தை விடவும் அந்தக் குழந்தையின் நலன்தான் முதலில். தன் சொந்த வாழ்க்கையில் இல்லாத ஒரு கதையைச் சொல்லவோ, ஒரு செயலைச் செய்து காட்டவோ குழந்தையைக் கேட்கக் கூடாது. ஆபத்து வரும் என்றால் பெயரையும் முகத்தையும் மறைக்க வேண்டும். எளிமையான விதிகள்தான். நாங்கள் ஒரே மத்தியானத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீறியிருந்தோம்.

"பச்சைக் கண் ஆப்கன் பெண்" படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. 1984-இல் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது, 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. உலகத்துக்கே தெரிந்த முகம். ஆனால் அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் மறுபடி தேடிக் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு முன்பின் தெரியாத ஆள் படம் எடுத்ததில் அன்று தனக்குக் கோபம் வந்தது என்று அவர் அப்போது சொன்னார். நாம் இத்தனை வருஷம் அந்தக் கண்ணில் போரைப் பார்த்தோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கேமராக்காரரை. இதைப் படித்தபோது எனக்குப் பாப்பாவின் கண் ஞாபகம் வந்தது.

2016 ஆகஸ்டில் சிரியாவின் அலெப்போவில் ஆம்புலன்ஸ் சீட்டில் புழுதியும் ரத்தமுமாக உட்கார்ந்திருந்த ஓம்ரான் என்ற சின்னப் பையன் இன்னொரு உதாரணம். உலகம் முழுக்க அந்தப் படம் போனது. அதே குண்டுவீச்சில் காயம்பட்ட அவன் அண்ணன் சில நாளில் இறந்துபோனான், அது பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அவன் அப்பா அரசு ஆதரவு டி.வி.க்களில் வந்து, என் மகனின் படத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்றார். அவர் மனசிலிருந்து சொன்னாரா, சொல்ல வைத்தார்களா என்ற சந்தேகமும் கூடவே எழுந்தது. ரெண்டு பக்கத்துக்கும் அந்தப் பையன் முகம் தேவைப்பட்டது.

அப்போ இதெல்லாம் எடுக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன், கேமராவையே தொடவில்லை. ஆனால் அதுவும் சரியில்லை. 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தது. ரஷ்யத் தரப்பு அதை நாடகம் என்றது. அங்கே நின்று எடுத்த ஏ.பி. நிருபர்களின் காட்சிகள் இல்லை என்றால் அந்தப் பொய் நின்றிருக்கும். அந்தக் காட்சிகளிலிருந்து மிஸ்திஸ்லாவ் செர்னோவ் செய்த '20 டேஸ் இன் மரியுபோல்' 2024-இல் ஆஸ்கர் வாங்கியது. மேடையில் அவர், இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்படுவதாகச் சொன்னார். நாங்கள் ரெண்டாம் பரிசுக்கே விசில் அடித்தோம்.

'ஃபார் ஸமா' (2019) பார்க்காதவர்கள் ஒரு தடவை பாருங்க. வாத் அல்-கதீப் என்ற பெண் அலெப்போ முற்றுகையில் இருந்தபடி வருஷக்கணக்கில் எடுத்தது. அவர் கணவர் டாக்டர். ஸமா அவர்கள் மகள், அந்த ஆஸ்பத்திரி வாழ்க்கைக்குள்ளேயே வளர்ந்த குழந்தை. படம் முழுக்க மகளிடம் பேசுகிற மாதிரி இருக்கும். அதிலும் ரத்தம் இருக்கிறது, இறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். கூடவே கல்யாணம், பனி, சிரிப்பு, சமையல் எல்லாம் இருக்கிறது. ஏன் என்றால் அது அவருடைய வீடு. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று அவரே முடிவு பண்ணினார். என் நண்பன் வீட்டில் அந்த முடிவை நாங்கள் எடுத்தோம். 1990-இன் காயம்தான் வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டுப் போனோம், அதை எடுத்துக்கொண்டு வந்தோம். அவர்கள் இன்றைக்கு என்ன சொல்ல நினைத்தார்கள் என்பதை டிரைபாடைத் திருப்பி, டைம்லைனில் வெட்டி, வெளியே தள்ளினோம்.

கிளம்பும்போது பாட்டி ஒன்று கேட்டிருந்தார். "இதை எனக்கு எப்ப காட்டுவியள் தம்பி?" "எடிட் முடிச்சதும் கொண்டுவரேன் பாட்டி" என்றேன். ஆடிட்டோரியத்தில் அறுநூறு பேருக்குக் காட்டினோம். பாட்டிக்குக் காட்டவில்லை.

போன மாதம் காட்டப் போனேன். முதலில் நண்பனிடம் கேட்டேன். அவன் வீட்டில் கேட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வரச்சொன்னான். இந்தத் தடவை முறையாக எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கினோம். அவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். பாப்பா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கடைசிவரை வெளியே வரவில்லை. அது அவள் இஷ்டம். பாப்பா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, லேப்டாப்பைப் பாட்டி முன்னால் வைத்தேன். அம்மாவும் அப்பாவும் பின்னால் நின்றார்கள்.

ஏழு நிமிஷமும் பாட்டி எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும், "நான் இப்பிடியோ இருக்கிறன்?" என்றார். "கலரைக் குறைச்சிட்டோம் பாட்டி" என்றேன். "ஏன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வேறு ஒன்றுதான் அவருக்கு மனசில் இருந்தது.

"தம்பி, இந்த வீட்டை நீங்கள் எடுக்கேல்லையே? முப்பத்திச் சொச்ச வருசம் காத்திருந்து கிடைச்சது."

ஃபோனில் எடுத்தேன். குளியலறைக் குழாயைத் திறந்து காட்டினார். சமையல் மேடையைத் தடவிக் காட்டினார். இது இன்னும் எங்கட பேரில இல்லை, இந்த நாட்டுக்காரர் எண்டு ஒரு கடதாசி தந்தால் போதும், பேரன் அந்தக் கட்டத்தை நிரப்பிப்போடுவான் என்றார். நாலு நிமிஷம். பாட்டியின் ஃபோனுக்கு அனுப்பிவிட்டு, அவர் சொன்னபடி என் ஃபோனில் இருந்து அழித்தேன். அதை யாருக்காவது காட்டுவதா வேண்டாமா என்பது இனி அவர் பாடு.

என் நண்பனும் நானும் இப்போதும் ஒரே மெஸ் டேபிளில்தான் சாப்பிடுகிறோம். முன்னால் மாதிரி மாடிக்குக் கூப்பிட்டு எதையும் சொல்வதில்லை. அதற்கு நாள் ஆகும், ஆகாமலும் போகலாம். பிளேஸ்மெண்ட் ஃபார்மில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் நம்ம கல்ச்சுரல்ஸ் வருகிறது. குறும்படப் போட்டிக்கு உங்களில் யாராவது இந்த மாதிரி ஒரு வீட்டுக்குக் கேமராவோடு போவீங்க. போங்க, போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் போவதற்கு முன், எதைச் சொல்ல ஆசைப்படுகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்க. வெளியிடுவதற்கு முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்க. வேண்டாம் என்றால் வெட்டுங்க, பரிசு போனாலும் சரி. குழந்தை இருந்தால் கேமராவுக்கு வெளியே விளையாட விடுங்க.

அப்புறம், மைக் பேட்டரியை ரெண்டு தடவை செக் பண்ணுங்க. அப்படியும் போய்விட்டால் அந்தக் கதையை விட்டுவிடுங்க. இன்னொரு டேக் கேட்காதீங்க.